'கைண்ட் ஆஃப் ப்ளூ' மறுபதிப்பு: முதல் பக்க முடிவில் ட்ரம்பெட் கரகரக்கிறது

வணக்கம். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) இசைத்தட்டு என்னிடம் இரண்டு பிரஸ்ஸிங் (அச்சுப் பதிப்பு) இருக்கிறது. ஒன்று 1970-களின் அமெரிக்க கொலம்பியா, சிவப்பு லேபிள். மற்றது மூன்று வாரம் முன்பு கோவையில் வாங்கிய 180 கிராம் மறுபதிப்பு. பிரச்சினை புதியதில்தான். முதல் பக்கக் கடைசியில் 'ப்ளூ இன் கிரீன்' வரும்போது, மியூட் (ஒலியடக்கி) போட்ட ட்ரம்பெட் மேலே ஏறும் இடமெல்லாம் காகிதம் கிழிவதுபோலக் கரகரக்கிறது. பழைய தட்டில் படபடவென்று கீறல் சத்தம் உண்டு, ஆனால் ட்ரம்பெட் மட்டும் மூச்சு கேட்கும் அளவுக்குத் தெளிவு.

சுருதி வித்தியாசத்தைச் சொல்லவில்லை. ஒலிப்பதிவின்போது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால் பழைய பதிப்புகளின் முதல் பக்கம் சற்றே சுருதி ஏறியிருக்கும், அது தெரிந்ததுதான்.

எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி, தட்டின் மேல் அது அழுத்தும் எடை 2 கிராம், 100 மணி நேரம்கூட ஓடவில்லை. புரொட்ராக்டர் (ஊசியின் கோணம் பார்க்கும் அளவுகோல்) வைத்து இரண்டு முறை அலைன் செய்தேன். தட்டைக் கழுவினேன், ஆன்டி ஸ்கேட்டை (ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) கூட்டிக் குறைத்தேன். கடையில் வேறு பிரதி மாற்றித் தந்தார்கள். அதிலும் அதே இடம், அதே கரகரப்பு.

குழப்புவது இரண்டாம் பக்கம். அங்கே கடைசியில் வரும் 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' பாட்டிலும் மியூட் ட்ரம்பெட்தான், அதுவும் கரகரப்பு எளிதில் வரும் உள்வட்டம்தான் (தட்டின் மையத்தை ஒட்டிய பகுதி). ஆனால் சுத்தமாகக் கேட்கிறது.

திருப்பித் தர சனிக்கிழமை வரைதான் நேரம். உறை, ரன்அவுட் எழுத்துகளின் (தட்டின் உள்விளிம்பில் பொறித்த பதிப்புக் குறியீடு) படம் கீழே. இதே பிரஸ்ஸிங் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் 'ப்ளூ இன் கிரீன்' கரகரக்கிறதா?