மின்னல் பாதுகாப்பை நேரில் கற்பிக்க: வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

கேள்வி:

வணக்கம். எட்டு வயதும் பன்னிரண்டு வயதும் உள்ள என் பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். நிலைமின்சாரப் பாடத்தை முடித்துவிட்டோம். அதன் தொடர்ச்சியாக, மின்னலிலிருந்து தற்காத்துக்கொள்வதைப் பற்றி ஒரு நாள் வெளியே அழைத்துச் சென்று கற்பிக்க விரும்புகிறேன். வேறு சில குடும்பங்களும் உடன் வருகின்றன. இளையவள் இடி முழங்கினாலே நடுங்கிவிடுவாள். அவளுடைய அச்சத்தைக் கூட்டாமலும், ஆபத்தை மறைக்காமலும் இதைச் செய்ய எங்கே செல்லலாம், எவற்றைக் காட்டலாம்?

பதில் 1:

அறிவியல் மையம் ஒன்றில் தொடங்குவது நல்லது. நிலைமின்சாரத்தை உலோகக் கோளத்தில் சேர்த்துக் காட்டும் வான் டி கிராஃப் மின்னாக்கி அங்கே இருந்தால், கோளங்களுக்கு இடையே பாயும் பொறியைப் பிள்ளைகள் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கலாம். பிறகு இடிதாங்கி பொருத்திய உயரமான கட்டடம் ஒன்றுக்குச் சென்று, உச்சியில் உள்ள கம்பியிலிருந்து சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் செல்லும் செம்புப் பட்டையைக் கண்ணாலேயே பின்தொடரச் சொல்லுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் முன்வைத்த அந்த எண்ணம் அப்போது தானாகவே விளங்கும்: இடிதாங்கி மின்னலை விரட்டுவதில்லை, அது மண்ணுக்குச் செல்லத் தீங்கில்லாத வழியைத் தருகிறது. உலோகக் கூரையுள்ள காரையும் காட்டுங்கள். நம்மைக் காப்பது ரப்பர் சக்கரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே கடத்தித் தரைக்கு அனுப்பும் உலோக உடல்தான் காக்கிறது. இறுதியாக, திறந்தவெளியில் மின்னலில் சிக்கிக்கொண்டால் உடலைத் தாழ்த்திக் குந்தி உட்காரும் பயிற்சியையும் கொடுக்கலாம்.

பதில் 2:

மற்ற யோசனைகளை ஏற்கிறேன். குந்தி உட்காரும் பயிற்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன்பு பல கையேடுகளில் அது இருந்தது உண்மைதான், ஆனால் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை 2008-இல் அதைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டது. நேரடியாக உடலில் விழும் மின்னலைவிட, அருகில் விழுந்து தரை வழியே பரவும் மின்னோட்டமே அதிகம் பேரைத் தாக்குகிறது. குந்துவதால் அதிலிருந்து போதிய பாதுகாப்புக் கிடைப்பதில்லை. அதைப் பழகிய பிள்ளை, ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

அதற்குப் பதிலாக, வானம் தெளிவாக உள்ள நாளில் பெரிய விளையாட்டுத் திடல் ஒன்றுக்குச் செல்லுங்கள். இடி கேட்டதாக வைத்துக்கொண்டு, எங்கே ஓடுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். மரத்தடி, பக்கச்சுவர் இல்லாத கூரைப்பந்தல், பேருந்து நிழற்குடை என்று ஒவ்வொன்றாக அவர்கள் சுட்டும்போது, அது ஏன் உதவாது என்று பேசுங்கள். மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் உள்ள முழுமையான கட்டடமோ மூடிய காரோதான் சரியான விடை. கட்டடத்துக்குள் சென்ற பிறகும் அந்தக் குழாய்களையும் மின்கருவிகளையும் தொடக்கூடாது. திடலின் மறுகோடியிலிருந்து அங்கே வந்து சேர இளையவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால், தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது என்று வெளியே நிற்கக்கூடாது: மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழக்கூடும். இடி காதில் விழுந்தாலே உள்ளே போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

பதில் 3:

மூத்த பிள்ளைக்கு, இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்திச் செய்யும் இதய இயக்க மீட்பு (சி.பி.ஆர்) முதலுதவியையும் பயிற்சி பெற்ற ஒருவர் வழியாகக் கற்றுக்கொடுங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொட்டு உதவலாம். தாக்குண்டவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கிறார்கள் என்பதை இளையவளிடமும் சொல்லுங்கள், அது உண்மையான ஆறுதல்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. திடலையே முதலில் வைத்துக்கொள்கிறேன். நேரத்தை அளக்கும் பொறுப்பை இளையவளிடமே கொடுக்கப் போகிறேன். அன்று இடியுடன் மழை வரக்கூடும் என்று முன்னறிவிப்பு வந்தால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிவிடுவோம். அதற்கான காரணத்தைப் பிள்ளைகளே மற்றக் குடும்பங்களுக்கு எழுதி அனுப்பட்டும்.