பிசினஸ் இங்கிலீஷ் பேப்பர்ல 78 மார்க், ஆனா ஒரு மெயில் ஒழுங்கா எழுத வரல. எப்படிக் கத்துக்கறது?

குடியாத்தத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஒரு காலேஜ்ல பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். தினமும் குடியாத்தத்துல இருந்து பள்ளிகொண்டா வழியா பஸ்லதான் வர்றேன். நைனா தறி ஓட்றாரு, அம்மா வீட்டுல பீடி சுத்தறாங்க.

போன செமஸ்டர் பிசினஸ் கம்யூனிகேஷன்ல 78 வாங்கினேன். என்கொயரி லெட்டர், கம்ப்ளெயின்ட் லெட்டர், கலெக்‌ஷன் லெட்டர் எல்லாம் மனப்பாடம். ஆனா கிளாஸ்ல குரூப் டிஸ்கஷன் வெச்சப்ப, பத்து நிமிஷத்துல என் வாயில இருந்து வந்தது "எஸ், ஐ அக்ரீ" மட்டும்தான். தலைப்பு ஜிஎஸ்டி. எங்க தெருவுல தறிக்காரங்க நூல் வாங்கறப்ப தினம் பேசற விஷயம் அது. தமிழ்ல வார்த்தை வரிசையா வந்து நிக்குது. இங்கிலீஷ்ல முதல் வார்த்தை கிடைக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவங்க பேச ஆரம்பிச்சிடறாங்க. அன்னிக்கு பஸ்ல வர்ற வழி பூரா அழுகைதான்.

இன்னொண்ணு. ராணிப்பேட்டையில ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டேன். மூணு வாரமாச்சு, பதில் இல்ல. நான் எழுதினது இதுதான்:

"ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு த அபவ் சப்ஜெக்ட், ஐ ஆம் ஹியர்பை ரிக்வெஸ்டிங் யுவர் குட்செல்ஃப் டு கைண்ட்லி கன்சிடர் மீ ஃபார் இன்டர்ன்ஷிப் அண்ட் டூ த நீட்ஃபுல். தாங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆறாயிரம் ரூபா சொல்றாங்க. அம்மாவுக்கு ஆயிரம் பீடி சுத்தினாதான் கூலின்னு ஒண்ணு கைக்கு வரும். அவங்ககிட்ட ஆறாயிரம் கேக்க மனசு வரல. சேரணுமா? சேராம கத்துக்க வழி இருக்கா? கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் மட்டும் லீவுல கத்துக்கிட்டேன், அது நல்லா வரும்.

ஆம்பூர் மெர்ச்சண்டைசர்:

தங்கச்சி, ஆறாயிரத்தைப் பத்திரமா வை. நான் ஆம்பூர்ல ஷூ எக்ஸ்போர்ட்ல பதினோரு வருஷமா இருக்கேன். நானும் தமிழ் மீடியம்தான். காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில்தான் என் வேலை.

உன் மெயிலையே எடுத்துக்குவோம். "அபவ் சப்ஜெக்ட்"னு எழுதியிருக்க. மேல சப்ஜெக்ட் போட்டியா? நீ ஒட்டினதுல காணோம். பரீட்சைப் பேப்பர்ல "சப்:"னு ஒரு வரி வரும், மெயில்ல அதுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா நூறு மெயிலுக்கு நடுவுல உன்னோடதை யார் திறப்பாங்க? அடுத்து, உனக்கு என்ன தெரியும், எந்த மாசம் வருவ, எத்தனை நாள்? ஒண்ணுமே இல்ல. டேலி தெரியும்னு எங்களுக்குச் சொல்ற, அவங்களுக்குச் சொல்லல. "டூ த நீட்ஃபுல்"னா என்ன செய்யணும்னு அவங்களே கண்டுபிடிக்கணும். மரியாதைக்காக வெச்ச வார்த்தைங்க எல்லாம் சேர்ந்து விஷயத்தை மூடிடுச்சு.

நான் எழுதினா இப்படி எழுதுவேன். சப்ஜெக்ட்: "இன்டர்ன்ஷிப் இன் அக்கவுன்ட்ஸ், மே 2 டு மே 31". உள்ள: "டியர் சார் ஆர் மேடம், ஐ ஆம் அ செகண்ட் இயர் பி.காம் ஸ்டூடன்ட் இன் வேலூர். ஐ வுட் லைக் டு டூ அ ஒன் மன்த் இன்டர்ன்ஷிப் இன் யுவர் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட். ஐ கேன் யூஸ் டேலி. மை ரெஸ்யூமே இஸ் அட்டாச்ட். மே ஐ கால் யுவர் ஆஃபீஸ் ஆன் மண்டே?" கடைசி வரியைப் பாரு. திங்கக்கிழமை போன் வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுது. கட்டாயம் போன் பண்ணணும்.

நானும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். சேர்ந்த வருஷம் ஜெர்மனி பையர் ஒருத்தருக்கு "ஐ ஹேவ் அ டவுட் அபவுட் யுவர் ஆர்டர்"னு எழுதினேன். லைனிங் என்ன கலர்னு கேக்கணும், அவ்வளவுதான். நம்மூர்ல டவுட்னா கேள்வி. அங்க அது நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். "எங்க ஆர்டர்ல உங்களுக்கு என்ன சந்தேகம்"னு அன்னிக்கே மேனேஜருக்கு போன் வந்துடுச்சு. "கொஸ்டின்"னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். தேதியும் அப்படித்தான். 05/06ன்னா நமக்கு ஜூன் 5, அமெரிக்காக்காரனுக்கு மே 6. மாசத்தை எழுத்துலயே எழுதிடு.

பேசறதுக்கு வருவோம். குரூப் டிஸ்கஷன்ல முதல் வார்த்தை கிடைக்கலைன்னு சொன்னல்ல? "கேன் ஐ ஆட் சம்திங் ஹியர்?" இதை மட்டும் மனப்பாடம் பண்ணு. அதைச் சொன்னதும் எல்லாரும் உன் பக்கம் திரும்புவாங்க, யோசிக்க உனக்கு ரெண்டு செகண்ட் கிடைக்கும். வீட்டுல, தெரியாத தலைப்பை எடுத்துப் பேசிப் பழகாத. அம்மா பீடி சுத்தறதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இங்கிலீஷ்ல சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணு. இலை எங்க இருந்து வருது, தூள் எவ்வளவு, எண்ணி வாங்கறவங்க எதைக் கழிச்சுக் கட்டறாங்க. வேலையை விளக்கத் தெரிஞ்சவங்களைத்தான் எங்க ஆபீஸ்ல தேடறோம்.

காமர்ஸ் வாத்தியார்:

மேல சொன்ன எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. 78 மார்க் வீண்னு இந்தப் பொண்ணு நினைச்சுடக் கூடாது. என்கொயரி, கொட்டேஷன், ஆர்டர், கம்ப்ளெயின்ட், அட்ஜஸ்ட்மென்ட், கலெக்‌ஷன்: சிலபஸ்ல இருக்கற இந்த வரிசைதான் ஆம்பூர் மேடம் தினம் செய்யற வேலையும். விலை கேக்கறாங்க, சொல்றோம், ஆர்டர் வருது, சரக்குல குறை வருது, சரி பண்றோம், பணம் கேக்கறோம். வரிசை உங்க கையில இருக்கும்மா. மேல இருக்கற பழைய மொழியைத்தான் கழட்டணும். வாரம் ஒரு லெட்டரை எடுத்து, அதே விஷயத்தை ஆறு வரி மெயிலா எழுதிப் பாருங்க.

அறுபது பேர் இருக்கற கிளாஸ்ல ஒவ்வொருத்தரையும் பேச வைக்க எங்களால முடியறதில்ல. அது எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயம். அதனால நீங்களே மூணு பேர் சேர்ந்து மத்தியான சாப்பாட்டு நேரத்துல இருபது நிமிஷம் பேசுங்க. நான் முதல்வன் திட்டத்துல ஆங்கிலப் பயிற்சி நடந்தா, அட்டென்டன்ஸுக்குன்னு உட்காராம வாயைத் திறந்து பேசுங்க. கேம்பிரிட்ஜோட பிசினஸ் இங்கிலீஷ் பரீட்சை, பிஇசி, அதைப் பத்தி யாராவது சொல்லுவாங்க. பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர்னு மூணு படி, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோல்ல பி1, பி2, சி1. நல்ல பரீட்சைதான், ஆனா இப்ப அவசரம் இல்ல. முதல்ல அந்த மெயிலைத் திருத்தி மறுபடியும் அனுப்புங்க.

குடியாத்தத்துப் பொண்ணு:

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சப்ஜெக்ட் நிஜமாவே போடலக்கா. செண்ட் ஐட்டம்ல போய்ப் பார்த்தேன், "நோ சப்ஜெக்ட்"னு இருக்கு. நேத்து புது மெயில் அனுப்பிட்டேன், இந்தத் தடவை டேலியையும் சேர்த்து. திங்கக்கிழமை பதினொரு மணிக்கு போன் பண்ணப் போறேன், சொல்ல வேண்டிய மூணு வரியை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

ராத்திரி அம்மா பக்கத்துல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணினேன். ரெண்டு நிமிஷம் பேசிட்டேன்! அம்மா முறத்தை மடியில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு இடத்துல மட்டும் நின்னுட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி இலையைத் தண்ணியில ஊற வைப்பாங்களே, அதுக்கு "வெட்"னு சொன்னேன். சரியாக்கா?

ஆம்பூர் மெர்ச்சண்டைசர்:

வெட்னு சொன்னாலும் புரியும். ஊற வைக்கறதுக்கு "சோக்". வி சோக் த லீவ்ஸ் பிஃபோர் கட்டிங். எங்க தோல் தொழில்லயும் முதல் வேலை அதுதான், தோலை ஊற வைக்கறது. திங்கக்கிழமை போன்ல என்ன சொன்னாங்கன்னு எழுது.