"வளர்ச்சி இல்லை" என்று வந்த ரிப்போர்ட்: நெஞ்சில் நீர் கோத்தவர்களின் அனுபவங்கள்

போன ஐப்பசியில் அப்பாவுக்கு விடாத காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றார். எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. "நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு, எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் மேசை போட்டு, தலையணை மேல் கையை ஊன்றிக் குனியச் சொன்னார்கள். ஸ்கேனில் இடம் குறித்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கினார்கள். கீழ்விளிம்பில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுமாம். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிஞ்சில் ஏறியது மஞ்சள் கலந்த கஞ்சித்தண்ணி போலக் கலங்கலாக இருந்தது.

அன்று மதியமே அந்த நீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 7.2க்குக் கீழே, குளுக்கோஸ் 40க்குக் கீழே என்று வந்தது. உள்ளே தொற்று முற்றியிருப்பதன் அடையாளமாம். மாலையில் நீரை வடிக்க டியூப் போட்டுவிட்டார்கள். நீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் கல்ச்சர். மூன்றாம் நாள் அதன் ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. கிருமியே இல்லை என்று நினைத்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அப்படியானால் டியூபை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடமும் கேட்டேன். அவர் பதிலுக்கு, "இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்றார். அப்பாவின் சட்டைப் பையில் பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டை இருந்தது. முதலில் காட்டிய இடத்தில் கொடுத்தது. ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். மருந்தில் அடிபட்ட கிருமி லேபில் வளராமல் போகலாம், அதனால் உள்ளே தொற்று இல்லை என்று ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். மருந்தைத் தொடர்ந்தார்கள். அந்த அட்டையை முதல் நாளே நான் காட்டியிருக்க வேண்டும்.

---

நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன அட்டை விஷயம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். எந்த மருந்து, எத்தனை நாள் என்று படிவத்தில் எழுதி வருவது அபூர்வம்.

நீர் வந்ததும் சுழற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் தடவி கிராம் ஸ்டெயின் செய்வோம். கிருமி மைக்ரோஸ்கோப்பில் தெரியும்படி சாயமேற்றுவது அது. முதலில் ஊதாச் சாயம், அயோடின், அப்புறம் ஆல்கஹாலில் கழுவி சிவப்புச் சாயம். 1884இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் இதைக் கண்டுபிடித்ததே நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவைப் பார்க்கும்போதுதான். ஒரு குழந்தையின் நீரில் ஜோடி ஜோடியாக ஊதாப் புள்ளிகளாகக் கிருமிகள் தெரிந்தன. ரிப்போர்ட் அடிக்கும் வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் செய்தேன். அந்தக் குழந்தைக்கும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. ஸ்லைடு மட்டும்தான் காட்டிக்கொடுத்தது.

நுரையீரல் உறைத் தொற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கல்ச்சர் இப்படித்தான் வெறுமையாக வரும். கட்டிலருகிலேயே கொஞ்சம் நீரைப் பிளட் கல்ச்சர் பாட்டிலிலும் (இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் திரவம் உள்ள பாட்டில்) செலுத்தி அனுப்பினால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாலை எடுத்த நீர் நர்ஸ் மேசையில் கிடந்து மறுநாள் காலை வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் வலி பொறுத்துக் கொடுத்த நீர் அது. எனக்கு மனசே ஆறவில்லை.

---

என் தம்பிக்கும் நீர் எடுத்தார்கள். தெளிந்த மஞ்சள் நிறம். கிராம் ஸ்டெயினில் ஒன்றுமில்லை, சாதாரண கல்ச்சரிலும் ஒன்றுமில்லை. ஆனால் நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய, டிபியில் கூடும் ஏடிஏ என்ற நொதி 40ஐத் தாண்டியிருந்தது. டிபி என்றார்கள். அது கிராம் ஸ்டெயினில் சரியாகப் பிடிபடாதாம். டிபி கல்ச்சர் முடிவு வர 6 வாரம் வரை ஆகும் என்பதால் அதற்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. 6 மாதம் ஒரு நாள் விடாமல் அம்மா முன்னாலேயே விழுங்கினான்.