காவேரிப்பாக்கம் ஏரியில் சீபிளேன்: சுற்றிப் பார்த்தால் போதுமா?

காட்பாடி ஜங்ஷன்:
2024 நவம்பரில் கொச்சி போல்காட்டியிலிருந்து மாட்டுப்பெட்டி அணைக்குச் சீபிளேன், அதாவது நீரிலிருந்தே கிளம்பி நீரிலேயே இறங்கும் விமானம், விட்டுப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஓர் ஆசை, ஏரி நிரம்பும்போது நம் காவேரிப்பாக்கத்திலும் ஒன்று இறங்கக் கூடாதா? விபத்து பயம் என்பீர்கள். கிளம்பும் முன் விமானி விமானத்தை ஒழுங்காகச் சுற்றி வந்து சோதித்துப் பார்த்தாலே பாதி விபத்து நடக்காது.

சத்துவாச்சாரிக்காரன்:
பாதி என்பது எந்தக் கணக்கு? 2022 செப்டம்பர் 4, அமெரிக்காவின் விட்பி தீவுப் பக்கம் ஆட்டர் என்ற வகைச் சீபிளேன் ஒன்று கடலில் விழுந்து 10 பேரும் போனார்கள். வால் சிறகின் கோணத்தை மாற்றும் கருவியில் ஒரு நட்டு பறக்கும்போதே மரை கழன்றுவிட்டது. அதைப் பிடித்திருக்க வேண்டிய பூட்டு வளையம் இல்லை. வாலுக்குள் இருப்பது வெளியே சுற்றி வருபவருக்கு எப்படித் தெரியும்? அது பணிமனைக்காரர் பார்க்க வேண்டியது.

ஆற்காட்டு மெக்கானிக்:
தம்பி, பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம் லாரியை ஓரங்கட்டி டிரைவர்கள் கம்பியால் டயரைத் தட்டுவார்களே, கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருந்தால் அதில் தெரியாதுதான். அதற்காகத் தட்டாமல் விடுகிறார்களா? (எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு, அது வேறு கதை.)

சீபிளேனில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம், அதை நீரில் தாங்கி நிற்கும் மிதவை. உள்ளே தனித்தனி அறைகள், ஒவ்வொன்றிலும் நீர் இறைக்க ஒரு துளை, பல விமானங்களில் ரப்பர் பந்துதான் அதற்கு மூடி. அதைப் பிடுங்கி, கைப்பம்பு வைத்து இறைத்து, நீர் தீர எத்தனை முறை பம்பு அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ண வேண்டும். நேற்று நாலு, இன்று நாற்பது என்றால் எங்கோ ஒழுகுகிறது. பின் அறையில் நீர் தேங்கினால் எடை பின்னால் சாயும். மேலே போனபின் அதை இறைக்க வழியில்லை.

சத்துவாச்சாரிக்காரன்:
மிதவை விஷயம் சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சக்கரமும் உள்ள வகையில், சக்கரத்தை மடக்காமல் தண்ணீரில் இறங்கினால் தலைகுப்புறக் கவிழும். கிளம்பும் முன் எவ்வளவு பார்த்தாலும் அது நிற்காது. அலையே இல்லாத நீரில் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதும் அப்படித்தான். விடிகாலையில் நம் ஏரி எப்படி இருக்கும்?

காட்பாடி ஜங்ஷன்:
சிட்னி அருகே 2017 டிசம்பர் 31 நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? பீவர் என்ற வகைச் சீபிளேன் விழுந்தது, 6 உயிர் போனது. புகைக்குழாயில் விரிசல், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பில் போல்ட்டுகள் இல்லை, அந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கேபினுக்குள் வந்தது. யாராவது பார்த்திருந்தால்?

சத்துவாச்சாரிக்காரன்:
அந்த ‘யாராவது’ யார் என்பதுதானே நம் சண்டை! போல்ட் பணிமனைக்காரர் பொறுப்பு. வாயு வந்தால் கத்தும் அலாரம் இருந்திருந்தால் விமானிக்கே தெரிந்திருக்கும்.

கரையோரம்:
நான் ஏரிப் பக்கத்து ஆள். மீன் வலையும் அதற்கு நட்ட கம்புமாகக் கிடக்கும் நீரில் இறங்கும் பாதையை யார் சுற்றிப் பார்ப்பது? அதை எழுதுங்கள்.

ஆற்காட்டு மெக்கானிக்:
அதற்குத் தனியாகப் படகு விட வேண்டும். முதலில் பாலாற்று அணைக்கட்டுக் கால்வாயில் தண்ணீர் வரட்டும், பம்போடு நானே வருகிறேன்.