அம்மாவைக் குளிப்பாட்டும் மகன்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஒற்றைப்பிள்ளை:
அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர் என்கிற மறதி நோய். எட்டு மாதமாக வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சமையல், மாத்திரை, துணி துவைப்பது எல்லாம் பழகிவிட்டது. குளியல்தான் பிரச்சினை. போன வாரம் வரைக்கும் கதவுக்கு வெளியே நின்று "இப்போ சோப்பு போடும்மா" என்று சொன்னால் தானே செய்துகொள்வார். இப்போது சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். நேற்று வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். இரண்டு கையாலும் உடம்பை மூடிக்கொண்டு "யார்டா நீ, வெளியே போ" என்று ஒரே கத்தல். எனக்கும் கூச்சம், பயம், கை நடுங்கியது. வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா நின்றேன். அக்கா போனில் "ஆள் வைத்துக்கொள்" என்கிறாள், பணம் என்றதும் பேச்சு மாறிவிடுகிறது. சரி, அது கிடக்கட்டும். இதைச் செய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். "வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா" என்று கேட்காதீர்கள், இல்லை.

நாலாவது மாடி:
என் அம்மா பக்கவாதத்தில் நாலு வருடம் படுக்கையில் இருந்தார், நான்தான் எல்லாம். முதலில் ஒன்று, துணியை முழுக்கக் கழற்றவே கழற்றாதீர்கள். பெரிய துண்டைத் தோளில் போர்த்திவிட்டு, அதற்குள்ளேயே கையை விட்டு ஒவ்வொரு இடமாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள். காலில் ஆரம்பித்து முகத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் மிரட்சி குறைகிறது. அவர் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுங்கள், ஏதோ தானே குளிப்பது போல இருக்கும். தினமும் முழுக்குளியல் தேவையே இல்லை. வாரம் இரண்டு முறை போதும், மற்ற நாளில் முகம், அக்குள், தொடையிடுக்கு மட்டும் துடைத்து, மடிப்புகளில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுத்தால் சரி. கூச்சம் எனக்கு மூன்றாவது வாரத்தில் போனது, அம்மாவுக்கு அதற்கும் முன்னாலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி:
நான் ஆண் செவிலியர். மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் "போன வாரம் வரைக்கும்" என்ற வார்த்தை எனக்கு இடிக்கிறது. அல்சைமர் பொதுவாக மெதுவாகத்தான் இறங்கும். ஒரே வாரத்தில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாக ஆரம்பித்த மாத்திரை இதில் ஏதாவது இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம், அதனால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், தலையில் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதற்குத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சாயங்காலம் ஆக ஆகச் சிலருக்குப் பதற்றம் ஏறும், அப்படியென்றால் குளியலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கர்:
ஆறு வருடமாக மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கே 71 ஆகிறது. மாத்திரை அட்டவணை முழுக்க என் பாக்கெட்டில் இருக்கிறது, ஆனால் ஊரிலிருந்து ஒருநாள் வந்த என் மகளைப் பார்த்துத்தான் டாக்டர் "ராத்திரி ஒன்று கொடும்மா" என்று சொல்கிறார், நான் ஏதோ ஓட்டிக்கொண்டு வந்த ஆள் போலப் பக்கத்தில் நிற்கிறேன். இன்னொரு பக்கம், அக்கம்பக்கத்தில் "ஆம்பளையா இருந்து இவ்வளவு செய்றீங்களே" என்று புகழ்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவி என் அம்மாவுக்கு ஒன்பது வருடம் இதையே செய்தாள், யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட. தம்பி, தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நான் கேட்காமல் செய்து இப்போது இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒற்றைப்பிள்ளை:
இரவுப்பணி சொன்னது சரிதான், சிறுநீரில் தொற்று. ஐந்து நாள் மருந்து முடிந்தது, கொஞ்சம் தெளிந்திருக்கிறார். இன்று காலை போர்த்திவிட்டுக் காலிலிருந்து ஆரம்பித்தேன். கத்தவில்லை. நடுவில் ஒருமுறை "தம்பி, உங்க அம்மாவுக்கும் நீங்கதான் குளிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டு பாதி முதுகுக்குத்தான் எட்டுகிறது, இன்னும் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்.