பாகப்பிரிவினைத் தீர்ப்பில் அம்மாவின் பங்கு விடுபட்டிருக்கிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் இருக்கும் எங்கள் வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமலே 2009-இல் போய்விட்டார். அம்மா, இரண்டு அண்ணன்கள், நான் என்று வாரிசுகள் நாலு பேர். கல்யாணம் ஆகிப் போனவளுக்கு எதுக்குப் பங்கு என்று பெரியண்ணன் சொன்னதால்தான் பாகப்பிரிவினை வழக்கே போட்டேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பு வந்துவிட்டது.

பிரச்சினை வேறு. வழக்கு நடக்கும்போதே அம்மா காலமானார். இறப்புச் சான்றிதழோடு மெமோவும் தாக்கல் செய்தோம். ஆனாலும் பிரிலிமினரி டிகிரியில் (யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்கட்டத் தீர்ப்பு) எனக்கு நாலில் ஒரு பங்குதான். அம்மாவின் கால் பங்கு அப்படியே தொங்குகிறது! அதையும் சேர்த்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று வரவேண்டும்.

தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே மறுஆய்வு மனு என்றால் 30 நாள், ஐகோர்ட்டில் அப்பீல் என்றால் 90 நாள், நகல் கிடைக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். ஃபைனல் டிகிரி (பங்குப்படி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பு) மனுவிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். தீர்ப்பு வந்து 11 நாள் ஆகிறது.

இப்படிப் பங்கைத் திருத்தி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மறுஆய்வு போதுமா? சின்னண்ணன் என் பக்கம்தான். பெரியண்ணனும் வருவார் என்றால் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிற சமரச மையத்துக்குப் போகவும் தயார். அம்மாவின் தகரப்பெட்டியில் வீட்டுவரி ரசீதுகள் வருஷவாரியாக நூல் கட்டி இருக்கின்றன. கடைசிக் கட்டில் அவர் கையெழுத்து. அந்த வீட்டுக்காகக் கூடப்பிறந்தவரோடு இன்னும் பத்து வருஷம் கோர்ட்டில் நிற்க எனக்கு மனசில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.