ஃபிஷ் ஹூக்கில் திமிங்கலம் பக்கத்தில் வந்த காலை

திமிங்கலத்தைத் தேடிப்போய் நீந்துவது நம் தென்னாப்பிரிக்காவில் நடக்காது. பர்மிட் இல்லாத படகு 300 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது; அதுவாக அருகில் எழுந்தாலும் படகுதான் விலகிப் போக வேண்டும். அதுவே நம்மிடம் வந்தால்? எனக்கு அப்படித்தான் ஆனது.

நான் டர்பன்காரன். அகுல்யாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பில் வளர்ந்த உடம்பு. வேலைக்காகக் கேப் டவுன் வந்த பிறகுதான், அங்கே ஃபால்ஸ் பே விரிகுடாக் கரையிலுள்ள ஃபிஷ் ஹூக்கில் காலையில் நீந்தும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். ஃபால்ஸ் பே தண்ணீர் குளிர்காலத்தில் 14, 15 டிகிரி இருக்கும். இறங்கிய முதல் நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அது அடங்கும்வரை முகத்தை நனைக்காமல் சும்மா மிதக்க வேண்டும்.

அன்று செப்டம்பர் மாதம். பஸ் ஏர் பிரேக் விடுகிற மாதிரி பின்னால் ஒரு சத்தம். அடுத்து அழுகிய மீன் நாற்றம். (அந்த நேரத்தில் கவித்துவமாக ஒன்றும் தோன்றாது, நம்புங்கள்.) தலையில் திட்டுத் திட்டாக வெள்ளைத் தடிப்பு, முதுகில் துடுப்பே இல்லை. சதர்ன் ரைட் திமிங்கலம்தான், கூடவே குட்டி. ஜூன் முதல் நவம்பர் வரை குட்டி போட இந்த விரிகுடாக்களுக்கு வருபவை. பல் கிடையாது, கடிக்காது, அதெல்லாம் தெரியும். ஆனால் வாலை அசைத்தால் போதுமே! தண்ணீருக்குள் பார்த்தால் பச்சைக் கலங்கல், அதில் பெரிய இருட்டு ஒன்று நகர்ந்தது, அவ்வளவுதான். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிவிடக் கூடாதென்று, எல்லோரும் சேர்ந்து கால் அடிக்கும் சத்தம்கூட இல்லாமல் கரைப் பக்கம் ஒதுங்கினோம். அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

உண்மையான ஆபத்து கரையேறிய பிறகுதான். வெளியே வந்தாலும் உடம்பின் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். அதனால் உடனே வெந்நீரில் குளிக்காதீர்கள். ஈரத் துணியைக் கழற்றி, துவட்டி, கம்பளி போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பட்டன் மாட்ட விரல் வளையவில்லை. கூட வந்த அக்கா ஃப்ளாஸ்க்கில் மிளகு ரசம் வைத்திருந்தார்.

டர்பனிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, நாற்றம் என்றதும் தாத்தா ஞாபகம். இங்கே டர்பன் பிளஃப் பகுதியில் திமிங்கலம் வெட்டும் ஆலை 1975 வரை ஓடியது. காற்று திரும்பினால் சோறு இறங்காது என்பார். இப்போது ஜூன், ஜூலையில் அதே கரையில் நின்று ஹம்ப்பேக் திமிங்கலங்கள் வடக்கே போவதைப் பார்க்கிறோம். டிசம்பரில் அங்கே வருகிறேன், நீந்தக் கூட்டிப்போவீர்களா?

தம்பி, நீந்தலாம். ஆனால் டிசம்பரில் சதர்ன் ரைட் கிளம்பியிருக்கும். செப்டம்பரில் லீவு போடு.